சாம்பிள் கெட்டது, மறுபடி அனுப்பவும்

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் ஓடாமல் இன்றோடு மூன்று நாள். தம்பி நாலாவது மாடி வார்டில், நான் தரைக்கு அடியில் ஆய்வகத்தில். மத்தியானம் படியேறிப் போய்ச் சேர்வதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. அவன் தலையணையில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான்.

"லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டில்ல படுக்க வச்சுட்டு, லிஃப்ட் ஓடலைன்னு புலம்பினா எப்படிக்கா?"

வாய்க்கொழுப்பு திரும்பிவிட்டது. மூளைக்காய்ச்சல் போய்விட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

புது டாக்டரம்மாவுக்குத்தான் ஒரு சந்தேகம். பத்தொன்பது வயதில் ஒரு தடவை, இப்போது முப்பத்தெட்டில் மறுபடி, அதுவும் அதே கிருமி. "ஒருத்தரையே ரெண்டு தடவை இது பிடிக்கறது வழக்கமில்லை. காம்ப்ளிமென்ட் பார்த்துடலாம்" என்றார். அந்த டெஸ்ட் இந்த ஆஸ்பத்திரியில் வியாழன்தோறும் நடக்கும். செய்கிற ஆள் நான்.

அது என்ன டெஸ்ட் என்று தம்பி கேட்டான். சொன்னேன். உள்ளே வருகிற கிருமியின் முதுகில் முதலில் ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும். அது தானாக யாரையும் கொல்லாது, ஆளைக் காட்டிக்கொடுக்கிற வேலைதான். அதைப் பார்த்து ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் ஒன்பதும் வரிசையாக எழுந்து வரும். ஒன்று அடுத்ததை எழுப்பிவிடும். கடைசி ஐந்தும் சேர்ந்து கிருமியின் சுவரில் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே புகுந்து அது வெடித்துவிடும்.

"நடுவுல ஒருத்தன் லீவு போட்டா?"

"அதெல்லாம் லட்சத்துல ஒருத்தனுக்குத்தான்டா. நீ அவ்வளவு பெரிய ஆள் கிடையாது."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி மனைவிக்கு வீட்டிலும் அதே பெயர்தான். பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன்.

மார்ச் 5, வியாழன்

எரிச்சலான நாள்.

காலையிலேயே வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தேன். தம்பி ரத்தம், ஐஸில் வைத்து உடனே அனுப்புங்கள் என்று. காம்ப்ளிமென்ட் பாலைவிட மோசம். வெளியே கிடந்தால் கெட்டுப்போகும். ஆன்டிபாடி அப்படியில்லை, மேசையில் இரண்டு நாள் கிடந்தாலும் கல்லு மாதிரி இருக்கும். அனுப்பினார்கள், யாரிடம்? ஆமையிடம்.

ஆமை வார்டு உதவியாளர். பெயர் வைத்தது நான்தான். ஒரு சாம்பிளைக் கையில் கொடுத்தால் வழியில் நாலு பேரிடம் குசலம் விசாரித்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். இன்று வந்து நின்றபோது சட்டை முழுக்க வேர்வை. ஐஸ் பாதி உருகியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, பிடுங்கிக்கொண்டேன்.

ஆன்டிபாடி பூசிய ஆட்டு ரத்த அணுக்களோடு நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, அதாவது சீரத்தைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் வைப்போம். காம்ப்ளிமென்ட் நன்றாக இருந்தால் அணுக்கள் உடைந்து குழாய் முழுக்கச் சிவந்துவிடும். இல்லாவிட்டால் தண்ணீர் தெளிவாக மேலே நிற்கும், அணுக்கள் அடியில் பொத்தான் மாதிரி உட்கார்ந்துவிடும்.

மற்ற குழாய்கள் எல்லாம் சிவப்பு. தம்பியுடையதில் பொத்தான். பூஜ்யம்.

பத்து வருஷத்தில் எத்தனையோ பூஜ்யம் பார்த்தாயிற்று. மறுபடி வரவழைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். எல்லாம் வெயிலில் வந்தவை, ஜன்னலோரம் மறந்து வைத்தவை. பதிவேட்டில் வழக்கம்போல் எழுதினேன்: சாம்பிள் கெட்டது, மறுபடி அனுப்பவும்.

சாயங்காலம் ஆமையைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒன்னும் சொல்ல வேண்டாம், போங்க" என்றேன். போய்விட்டார்.

மீதி சீரத்தைக் கொட்டவில்லை. கெட்டதைக் கொட்டுவதுதான் வழக்கம். தம்பியுடையது, கை வரவில்லை. சின்னக் குழாயில் ஊற்றி ஃப்ரீசரில் ஒரு மூலையில் வைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்குப் போய்விட்டான். போகும்முன் இன்னொரு முறை ரத்தம் எடுக்கலாம் என்றதற்குக் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான். "இனிமே எடுத்தா காத்துதான்கா வரும்." சரி, அடுத்த வாரம் வா என்றேன். டாக்டரம்மா மாநாட்டுக்குப் போயிருக்கிறார். டீச்சர் மட்டும் வாசலில் நின்று கேட்டாள்: "அண்ணி, அந்த டெஸ்ட் என்னாச்சு?"

"அதுல ஒன்னுமில்லம்மா. சாம்பிள் கெட்டுப்போச்சு, மறுபடி எடுத்துக்கலாம்."

ஏப்ரல் 11, சனி

தம்பியும் அவன் மகள் குட்டியும் வந்திருந்தார்கள். சமையலறை ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்தான். குட்டிக்கு ஒன்பது வயது, பேச்சு முப்பது வயது. "அத்தை, தனியா இருந்தா உங்களுக்கு யார்கூட சண்டை?" என்கிறாள். சுவரோடு என்றேன்.

டெஸ்ட் ஞாபகம் வந்தது. போகும்போது சொல்ல நினைத்து மறந்துவிட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

காலையில் தம்பி போன். "லேசா காய்ச்சல்கா. கால் வலி."

"கழுத்து வலிக்குதா? குனிஞ்சா தலை தெறிக்குதா?"

"இல்ல."

"அப்ப மாத்திரை போட்டுட்டுப் படு. வேலைக்குப் போகாத."

"சரி இன்ஸ்பெக்டர்."

மத்தியானம் இரண்டு மணிக்கு டீச்சர் போன். காலில் கருஞ்சிவப்பாய்ப் புள்ளிகள் வந்திருக்கின்றனவாம். என்னிடம் கேட்கிறாள், என்ன அண்ணி இது என்று. எனக்குத் தெரியும் என்னவென்று. வண்டி பிடி, உடனே கிளம்பு, உடனே

ஜூன் 20, சனி

தம்பி போய்விட்டான். விடிகாலை.

ஜூன் 29, திங்கள்

எழுதினால் ஆறும் என்று யார் சொன்னது? ஒன்றும் ஆறவில்லை.

இந்தத் தடவை மூளைக்குப் போகவில்லை, ரத்தத்திலேயே பெருகியிருக்கிறது. அதனால்தான் கழுத்து வலிக்கவில்லை. பதினெட்டு மணி நேரம். பதினெட்டே மணி நேரத்தில் ஒரு ஆளை முடித்துவிட்டது.

டேய், மாத்திரை போட்டுட்டுப் படுன்னு சொன்னேனேடா. நீயும் படுத்துட்டியே. என்னைக்குடா நீ என் பேச்சைக் கேட்டிருக்க, அன்னைக்கு மட்டும் ஏன்டா கேட்ட?

குட்டி அவனுடைய வேலைப் பெட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். யாரும் தொடக்கூடாதாம்.

ஜூலை 9, வியாழன்

வேலைக்குப் போனேன். வியாழக்கிழமை. ஆட்டு ரத்தம், குழாய்கள், சூட்டுத் தொட்டி. கை தானாக வேலை செய்தது. அதுவரை பரவாயில்லை.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா கீழே இறங்கி வந்தார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்: "மார்ச்ல அந்தக் காம்ப்ளிமென்ட் அனுப்பச் சொன்னேனே. ரிசல்ட் என் கைக்கு வரவே இல்ல. நானும் திரும்பிக் கேட்காம விட்டுட்டேன். என்ன வந்தது?"

பதிவேட்டைப் புரட்டினேன். மார்ச் 5. என் கையெழுத்து, நல்ல உருண்டையான கையெழுத்து.

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். பதிவேட்டை மூடி வைத்தார். திட்டியிருக்கலாம்.

ஒரே கிருமி இரண்டு முறை. அதற்கு அப்புறம் ஒரு பூஜ்யம். படித்தவள்தானே நான்? பரீட்சையில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேனே, கடைசிக் காம்ப்ளிமென்ட் புரதங்களில் ஒன்று இல்லாதவர்களை இந்தக் கிருமி திரும்பத் திரும்பத் தேடி வரும் என்று. பூஜ்யம் என்றால் ஆமை என்று பழகிப்போயிற்று. பத்து வருஷப் பழக்கம்.

இல்லை, ஒருவேளை சாம்பிள் நிஜமாகவே கெட்டிருந்தால்? அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படி இருக்கட்டும்.

ஜூலை 10, வெள்ளி

ஆமையைத் தேடிப் போனேன். துணி அறையில் படுக்கை விரிப்பு எண்ணிக்கொண்டிருந்தார். மார்ச்சில் ஒருநாள், என் தம்பி ரத்தம், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"உங்க தம்பின்னு நர்ஸம்மா சொன்னாங்க. டப்பா நிறைய ஐஸ் போட்டு வாங்கினேன். லிஃப்ட் இல்ல. யார்கூடயும் நிக்காம அஞ்சு மாடியும் ஓடியே எறங்கினேன்மா. ஆறு ஏழு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஓடினதுல ஐஸ் தண்ணி சட்டையெல்லாம் சிந்திடுச்சு."

வேர்வை இல்லை. ஐஸ் தண்ணீர்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீங்க போகச் சொல்லிட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 16, வியாழன்

ஃப்ரீசர் மூலையில் அந்தச் சின்னக் குழாய் அப்படியே இருந்தது. டாக்டரம்மாவும் கூட நின்றார்.

சூட்டில் கெட்ட சீரம் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்கள் செத்திருக்கும். அதில் ஒரே ஒரு புரதத்தை மட்டும் வெளியிலிருந்து சேர்த்தால் ஒரு பயனும் இருக்காது. கெடாத சீரமாக இருந்து, பிறவியிலேயே ஒன்று மட்டும் இல்லாமல் இருந்தால், அந்த ஒன்றைச் சேர்த்ததும் வேலை செய்யும். ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரை தனித்தனியாக வாங்கிவைத்திருக்கிறோம். ஐந்து குழாய் வைத்தேன்.

ஐந்தாவது சேர்த்த குழாயில் பொத்தான். ஏழில் பொத்தான். எட்டில், ஒன்பதில் பொத்தான்.

ஆறாவதைச் சேர்த்த குழாய் சிவந்துவிட்டது. நல்ல பளிச்சென்ற சிவப்பு.

சாம்பிள் கெடவில்லை. என் தம்பி ரத்தத்தில் எல்லாரும் வேலைக்கு வந்து தயாராக நின்றிருக்கிறார்கள். ஆன்டிபாடி கிருமியின் முதுகில் ஒட்டியிருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை எழுந்து வந்திருக்கிறார்கள். ஆறாவது ஆள் மட்டும் இல்லை. அவன் கேட்டானே, நடுவுல ஒருத்தன் லீவு போட்டா என்று. நான் சிரித்தேன். டீச்சரும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தோம்.

தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்? தடுப்பூசி போட்டிருப்போம். ஓட்டை போட ஆள் இல்லாவிட்டாலும், ஆன்டிபாடி ஏராளமாக இருந்தால் வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்கிவிடும். காய்ச்சல் என்று போன் வந்தால் கழுத்து வலிக்கிறதா என்று கேட்டிருக்க மாட்டேன். ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து ஏறியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு ஊசி, ஒரு ஆட்டோ.

குழாயை ஸ்டாண்டில் திருப்பி வைக்க முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாதான் வாங்கி வைத்தார். "கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. உங்களுக்குப் பார்க்கணும்" என்றார்.

எனக்கெதற்கு?

ஜூலை 23, வியாழன்

என் ரத்தத்தை நானே ஐஸில் வைத்தேன். நானே மெஷினில் சுற்றிச் சீரம் பிரித்தேன். சாட்சிக்கு டாக்டரம்மா.

பொத்தான். ஆறாவதைச் சேர்த்தால் சிவப்பு.

நாற்பத்தாறு வயது. சளியைத் தவிர ஒரு நோய் கிடையாது. அதே குறை, அதே அப்பா அம்மா, ஒரே வீட்டில் ஒரே காற்று. அந்தக் கிருமி அவனை மட்டும் மூன்று முறை தேடி வந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு யாரிடம் போய் சண்டை போடுவது? சுவரோடா?

குட்டிக்கு அந்த ஆறாவது பாதி அளவு இருக்கிறது, அது போதுமாம். டாக்டரம்மா வேறு காரணம் சொல்லி டீச்சரிடமிருந்து வாங்கித் தந்த சாம்பிள். ஐஸ் டப்பாவை எடுத்து வந்தது அந்த வார்டு உதவியாளர்தான். அவரை இனி ஆமை என்று எழுதப்போவதில்லை.

ஜூலை 30, வியாழன்

பத்து வருஷப் பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். பூஜ்யம் வந்து, மறுபடி அனுப்பவும் என்று நான் எழுதி, மறுபடி வரவே வராத ஆட்கள், தம்பியைத் தவிர, பதினொரு பேர். 'மறுபடி வரவழைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்' என்று பெருமையாக எழுதியிருக்கிறேனே மார்ச்சில். வந்தவர்களைத்தானே பார்த்தேன்? வராதவர்களை யார் பார்த்தது?

ஏழு பேர் கிடைத்தார்கள். வரச் சொல்லியிருக்கிறேன். நாலு எண்கள் உபயோகத்தில் இல்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இன்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா தானே சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். குட்டியைக் கீழே விளையாட அனுப்பச் சொன்னேன். பதிவேட்டுப் பக்கத்தின் நகலை மேசையில் வைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம் வந்தது, கெட்டது என்று எழுதியது, அது கெடவில்லை என்பது, எனக்கும் அதே குறை என்பது. சுற்றி வளைக்கவில்லை. அழவுமில்லை, அழ எனக்கு உரிமை இல்லை.

சிவப்புப் பேனா அவள் கையிலேயே இருந்தது. அந்த ஒரு வரியை மறுபடி படித்தாள்.

"வாசல்ல நின்னு நான் கேட்டேனே அண்ணி."

"ஆமாம்."

"ஒன்னுமில்லம்மான்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"என் பிள்ளைங்க ஒரு கணக்கு தப்பாப் போட்டா, மறுபடி போடுன்னு சொல்லிட்டு நான் வகுப்பை விட்டுப் போகமாட்டேன். பக்கத்துல நின்னு போடவைப்பேன்." அவ்வளவுதான் சொன்னாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் வந்துவிட்டேன்.

படியில் குட்டி எதிரே வந்தாள். "அத்தை, அதுக்குள்ளயா போறீங்க?"

செப்டம்பர் 4, வெள்ளி

முதல் ஊசி போட்டாயிற்று. கை வலிக்கிறது. அவனுக்குப் போட்டிருக்கவேண்டிய ஊசி.

ஆய்வகச் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறோம். பூஜ்யம் வந்தால் அன்றே டாக்டருக்கும் நோயாளிக்கும் போன் செய்யவேண்டும். மறு சாம்பிள் கைக்கு வரும்வரை பதிவை மூடக்கூடாது. கையெழுத்து என்னுடையது. ஆஸ்பத்திரி விசாரணைக் கமிட்டி முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் தனியாக ரிசல்ட்டில் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். சரி என்றேன். இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தண்டித்திருந்தால் தேவலை.

செப்டம்பர் 27, ஞாயிறு

குட்டி மட்டும் ஞாயிறு காலையில் போன் பேசுகிறாள். டீச்சர் எண்ணிலிருந்துதான் வருகிறது. அவள் குரல் வருவதில்லை. பின்னால் குக்கர் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

எண் கிடைக்காத அந்த நாலு பேரில் ஒருவர் கிடைத்தார். இன்னும் மூன்று.

நவம்பர் 15, ஞாயிறு

எழுந்ததிலிருந்து உடம்பு கதகதவென்று இருக்கிறது. தொண்டை கட்டிவிட்டது. காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று அட்டையே கொடுத்திருக்கிறார்கள். பர்ஸில் இருக்கிறது. எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. குட்டியோடு இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் படுத்துவிட்டேன்.

நவம்பர் 17, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. நாலாவது மாடி வார்டிலிருந்து எழுதுகிறேன், அவன் இருந்த கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி.

ஞாயிறன்று போனை வைத்து அரை மணி ஆகியிருக்காது, கதவை உடைக்கிற மாதிரி தட்டுகிறார்கள். திறந்தால் டீச்சர். பின்னால் ஆட்டோ நிற்கிறது. நெற்றியில் கையை வைத்தாள். "அத்தை குரல் சரியில்லைன்னு குட்டி சொன்னா. அட்டை எங்க?" மூன்றரை மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய பேச்சு இவ்வளவுதான். அட்டையைப் பற்றி டாக்டரம்மா சொல்லியிருக்கவேண்டும்.

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், சாதாரண ஜுரம்தான், மாத்திரை போட்டுட்டு— என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். செருப்பை எடுத்துக் காலடியில் போட்டாள்.

வந்ததும் மருந்து ஏற்றிவிட்டார்கள். ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை, வெறும் தொண்டை ஜுரம் என்று இன்று காலை தெரிந்தது. டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. டீச்சருக்கு மலரவில்லை. தலையாட்டினாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தாள் திருத்துகிறாள். நேரம் வந்தால் தெர்மாமீட்டரை நீட்டுகிறாள். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். நர்ஸ் எழுதுவது போதாதென்று, ஒரு கணக்கு நோட்டில் கட்டம் போட்டு அவளும் எழுதி வைத்திருக்கிறாள். அவள் மத்தியானம் குட்டியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனபோது எடுத்துப் பார்த்தேன். காலை ஏழு மணி, 100. பத்து மணி, 99.2. ஒரு மணி, 98.8. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மசியில், நாலு மணிக்கு மறுபடி பார்க்கவேண்டும்.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நாலு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது படியில் குட்டியின் குரல் கேட்டது. கூடவே டீச்சரின் செருப்புச் சத்தமும்.